வேனுக்குள் கணினி அறை: விடியற்கால முகூர்த்தத்துக்கான மின்சார ஏற்பாடு

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் ஆண்டு முழுவதும் நடைபெறும் அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, எண்பதாம் வயதின் சதாபிஷேகம் ஆகிய சடங்குகளை வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நேரலையில் காட்டவும், எடுத்த படங்களை அன்றைக்கே தொகுத்துக் கொடுக்கவும், பழைய டிராவலர் வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றி அதற்குள் கணினிகளை அமைத்துக்கொள்ள விரும்புவோருக்காக இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. பயிர்க் கணக்கெடுப்புக்கோ மருத்துவ முகாமுக்கோ வேனைப் பயன்படுத்துவோருக்கும் இதே கணக்கும் இதே வரிசையும் பொருந்தும். வேலை நேரம் மட்டுமே மாறும்.

அந்த வேலை நேரம்தான் இங்கு முதலில் கவனிக்கத்தக்கது. இவ்வூரில் ஹோமமும் கலசாபிஷேகமும் பெரும்பாலும் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவதால், கணினிகளுக்கு மிகுதியான மின்சாரம் தேவைப்படும் பொழுதில் கூரையின் மேலுள்ள சோலார் பேனல் எதையும் தருவதில்லை. அது தரத் தொடங்கும் பொழுதில் வேலையில் பாதி முடிந்திருக்கும். ஆகவே பேனலை எத்தனை வாட் வாங்குவது என்று தொடங்காமல், முந்தைய நாள் மாலையில் பேட்டரியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தொடங்குவதே முறை.

வேனில் கணினி வைத்து ஊர் ஊராகச் செல்வது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2003-இல் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனை, இஸ்ரோவின் செயற்கைக்கோள் தொடர்போடு கண் பரிசோதனை வேனைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அதற்கும் முன்பாக, 1998-இல் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மையமாகக் கொண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய கிராம அறிவு மையங்கள், மின்வாரிய இணைப்பு, சோலார் பேனல், பேட்டரி ஆகிய மூன்றையும் கலந்து பயன்படுத்தின. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடலலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தவை அந்த மையங்களே. ஒரே ஒரு மின்வழியை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துக்கொள்ளும் அந்த முறையையே இவ்வத்தியாயமும் பின்பற்றுகிறது. பக்கத்துப் பிள்ளைபெருமாள்நல்லூரிலேயே ஒரு மின்னுற்பத்தி நிலையம் அமைக்கப்பட்ட வட்டாரம் இதுவென்றாலும், 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பின் காவிரி டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை எண்ணினால் இதன் தேவை விளங்கும்.

முதற்படி: தேவையைக் கணக்கிடுதல்

ஒரு கருவி எத்தனை வாட் இழுக்கிறது என்பதை அது இயங்கும் மணிகளால் பெருக்கினால் கிடைப்பது வாட்-மணி. வீட்டு மின்கட்டணத்தில் 'ஒரு யூனிட்' எனப்படுவது 1000 வாட்-மணியே. கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் எண் அது இழுக்கக்கூடிய உச்ச அளவைக் காட்டுவதேயன்றி வழக்கமான அளவைக் காட்டுவதில்லை என்பதால், பிளக்கில் செருகி அளக்கும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே ஒரு நாள் முழு வேலையையும் செய்து பார்த்து அளந்துகொள்ள வேண்டும். இருவர் வேலை செய்யும் நேரலை வேன் ஒன்றுக்கான மாதிரிக் கணக்கு பின்வருமாறு:

1. படத்தொகுப்பு லேப்டாப்: சராசரி 80 வாட், 6 மணி, 480 வாட்-மணி.
2. 24 அங்குல மானிட்டர்: 25 வாட், 6 மணி, 150 வாட்-மணி.
3. நேரலைக்கான இரண்டாவது லேப்டாப்: 45 வாட், 4 மணி; 180 வாட்-மணி.
4. சிம் ரவுட்டர்: 10 வாட், 8 மணி; 80 வாட்-மணி.
5. வெளி ஹார்டு டிஸ்க்கும் கார்டு ரீடரும்: 10 வாட், 6 மணி, 60 வாட்-மணி.
6. இரண்டு 12 வோல்ட் மின்விசிறிகள்: மொத்தம் 30 வாட், 8 மணி, 240 வாட்-மணி.
7. கேமரா பேட்டரி சார்ஜர்கள்: 40 வாட், 3 மணி, 120 வாட்-மணி.
8. எல்.ஈ.டி. விளக்குகள்: 10 வாட், 4 மணி, 40 வாட்-மணி.

கூட்டினால் 1350 வாட்-மணி வருகிறது. இன்வெர்ட்டரிலும் வயரிலும் வெப்பமாகப் போவது ஏறத்தாழ 15 விழுக்காடு, அதற்காக 0.85-ஆல் வகுத்து, இன்வெர்ட்டர் சும்மா இயங்குவதற்கே எடுத்துக்கொள்ளும் சுமார் 100 வாட்-மணியையும் சேர்த்தால், நாளொன்றுக்கு 1700 வாட்-மணி என்று கொள்ளலாம். மேசைக் கணினி ஒன்றை லேப்டாப்புக்குப் பதிலாக வைத்தால் இந்த எண் எளிதில் இரட்டிப்பாகும், ஏ.சி. வைத்தால் இவ்வத்தியாயத்தின் கணக்கு எதுவும் பொருந்தாது.

குறிப்பு: லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுவதாக இருந்தால், 12 வோல்ட்டிலிருந்து நேரே 100 வாட் வரை தரும் டைப்-சி சார்ஜரைப் பொருத்துவது நல்லது. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மாறுமின்னோட்டமாக்க, அதை லேப்டாப்பின் அடாப்டர் மறுபடியும் நேர்மின்னோட்டமாக்கும் இரட்டைச் செலவு இதனால் மிச்சமாகிறது.

இரண்டாம் படி: பேட்டரி

வீட்டு இன்வெர்ட்டர்களில் பழக்கமான டியூபுலர் பேட்டரி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 1700 வாட்-மணி எடுக்க 3400 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். அதாவது 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு. இவை இரண்டும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். வண்டி குலுங்கும்போது அமிலம் தளும்பும். ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் மூடிய அறைக்குள் இவற்றை வைப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. வைத்தே ஆக வேண்டுமெனில், வெளிப்பக்கமாகக் காற்றுப்போக்கி உடைய, உள்ளறையிலிருந்து முழுவதும் அடைக்கப்பட்ட பெட்டி கட்டாயம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு வரை தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 2560 வாட்-மணி. அதில் 80 விழுக்காடு 2048. ஒரு நாள் வேலையும் அதன்மேல் சிறிது கையிருப்புமாக இது போதும்; எடையும் 25 கிலோ அளவிலேயே நிற்கும். விலை கூடுதலாயினும் வேனுக்கு இதுவே உரியது.

லித்தியம் பேட்டரியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வோல்ட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பெரும்பகுதி வடிந்த பின்னும் அது 13 வோல்ட்டை ஒட்டியே நின்று, பிறகு திடீரெனச் சரியும். ஆகையால் உள்ளே போகும் வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணிக் கழித்துக் காட்டும் ஷன்ட் மானிட்டர் ஒன்றை எதிர்முனை வயரில் பொருத்த வேண்டும். நேரலை நடுவில் அறுந்துபோவதைத் தடுப்பதில் இச்சிறு கருவியின் பங்கு பேனலின் பங்கைவிடப் பெரிது.

மூன்றாம் படி: மூன்று வழிகளில் சார்ஜ்

*வண்டி ஓடும்போது.* பட்டறைகளில் டைனமோ என்றே வழங்கப்படும் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நேரடியாக வயர் இழுப்பதே இவ்வகை வேன்களில் அடிக்கடி நேரும் பிழை. லித்தியம் பேட்டரி கிடைக்கும் மின்னோட்டத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டைனமோ அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் சூடேறிக் கருகிவிடும். இடையில் டி.சி.-டி.சி. சார்ஜர் எனப்படும் கருவியை வைத்தால் அது 30 ஆம்பியர் போன்ற ஒரு வரம்புக்குள் மின்னோட்டத்தை நிறுத்தி, பேட்டரிக்கு உரிய வோல்ட்டையும் தரும். 30 ஆம்பியர் என்றால் ஒரு மணி நேர ஓட்டத்தில் சுமார் 400 வாட்-மணி. மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூருக்கு உள்ள ஏறத்தாழ 22 கிலோமீட்டரை முக்கால் மணியில் கடந்தால் 300 வாட்-மணி சேரும். கும்பகோணத்திலிருந்து வருவோருக்கு இது இரட்டிப்புக்குக் குறையாது. வெளியூரிலிருந்து வருவோர் முந்தைய மாலையே வந்து சேர்வது வழக்கமாதலால், இந்த ஓட்டமே விடியற்கால வேலைக்கு நம்பகமான முதலீடாகிறது.

*வெயிலில்.* டிராவலர் வேனின் கூரையில் 200 வாட் பேனல்கள் இரண்டு வசதியாக அடங்கும். டெல்டாவின் தெளிந்த நாளில் முழு வெயிலுக்கு ஈடான 5 மணி நேரம் கிடைப்பதாகக் கொண்டு, வெப்பம், தூசு, படுக்கைவாட்டில் வைத்தல் ஆகியவற்றால் நேரும் இழப்புக்காக 0.7-ஆல் பெருக்கினால், 400 வாட் பேனல் 1400 வாட்-மணி தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது கால் பங்காகச் சுருங்கினாலும் வியப்பில்லை. அம்மாதங்களில் பேனலைக் கணக்கிலேயே சேர்க்காமல் இருப்பது பாதுகாப்பு. பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றித்தரும் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் 40 ஆம்பியரும், உள்வாங்கும் உச்சம் 100 வோல்ட்டும் உடையதாக இருத்தல் வேண்டும்; பேனல்களைத் தொடராக இணைத்தால் வோல்ட் 50-ஐ ஒட்டி நிற்கும். ஒரு பேனலின் மீது மரநிழல் விழுந்தாலும் தொடர் முழுவதும் தளரும் என்பதால், சன்னதித் தெருவில் வேப்பமர நிழலில் நிறுத்த நேர்ந்தவர்கள் அன்றைய கணக்கில் பேனலைக் குறைத்தே மதிப்பிட வேண்டும்.

*மண்டபத்தின் மின்சாரத்தில்.* தங்கும் விடுதியிலோ மண்டபத்திலோ இணைப்புக் கிடைத்தால், 14.4 வோல்ட்டில் முடியும் லித்தியம் முறை உடைய 30 ஆம்பியர் சார்ஜர் ஓர் இரவில் பேட்டரியை முற்றும் நிரப்பிவிடும். இவ்வழியிலுள்ள ஆபத்துகள் ஆறாம் படியில் விரிவாகச் சொல்லப்படுகின்றன.

நான்காம் படி: இன்வெர்ட்டர்

மேற்கண்ட கருவிகள் ஒரே நேரத்தில் உச்ச அளவில் இழுத்தாலும் 400 வாட்டைத் தாண்டுவது அரிது என்பதால், தொடர்ந்து 800 வாட் தரவல்ல, தூய சைன் அலை இன்வெர்ட்டர் போதுமானது. விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டர்களில் லேப்டாப் அடாப்டர்கள் சூடேறுவதும், ஒலிக்கருவிகளில் இரைச்சல் புகுவதும், சில சார்ஜர்கள் வேலை செய்யாமல் நின்றுவிடுவதும் நேரும்.

வீட்டு இன்வெர்ட்டரையே வேனில் வைப்பவர்கள் இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல தயாரிப்புகளில் பின்புறத்தில் 'யூ.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' என்றும் ஒரு சுவிட்சு இருக்கும். முன்னதில் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிவதால் மேசைக் கணினி அணையாது, ஆனால் வரும் மின்சாரம் 180 வோல்ட்டுக்குக் கீழே போனவுடன் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். வயல்களில் பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் காலத்தில் வோல்ட் இறங்குவது வழக்கமாதலால், மண்டபத்தில் செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வடிந்துகொண்டிருக்கும். லேப்டாப்புக்கு உள்ளேயே பேட்டரி இருப்பதால் அதற்கு 'நார்மல்' நிலை போதும். இரண்டாவது, குறைந்த வோல்ட்டில் அணையும் எல்லை: டியூபுலருக்கென்று 10.5 வோல்ட்டில் அமைந்திருக்கும் அதை லித்தியத்துக்கு 12 வோல்ட்டாக உயர்த்த இயலாவிட்டால், அந்த இன்வெர்ட்டரை லித்தியம் பேட்டரியோடு சேர்க்காமல் விடுவதே நல்லது.

ஐந்தாம் படி: வயர், ஃபியூஸ், இணைப்பு வரிசை

பன்னிரண்டு வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்ற எண்ணத்தால் இப்பகுதி அலட்சியமாகச் செய்யப்படுகிறது. ஷாக் அடிக்காது என்பது உண்மையே, ஆனால் தீப்பிடிக்கும். 800 வாட் தரும் இன்வெர்ட்டருக்கு, இழப்பையும் சேர்த்து, 12 வோல்ட்டில் சுமார் 78 ஆம்பியர் ஓட வேண்டியிருக்கிறது. வீட்டுச் சுவரில் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இதைச் செலுத்தினால் காப்புறை உருகிவிடும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு ஒன்றரை மீட்டருக்கு மேற்படாமல் 25 சதுர மில்லிமீட்டர் வயரும் 100 ஆம்பியர் ஃபியூஸும், எஞ்சின் பக்கத்திலிருந்து டி.சி.-டி.சி. சார்ஜருக்கு 16 சதுர மில்லிமீட்டர் வயரும் அதன் இரு முனைகளிலும் 60 ஆம்பியர் ஃபியூஸும், பேனலுக்கு வெயில் தாங்கும் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் வயரும் பொருத்தமானவை. எஞ்சின் வயருக்கு இரு முனைகளிலும் ஃபியூஸ் கேட்பதன் காரணம், அதன் இரு முனைகளிலும் பேட்டரி இருப்பதுதான். நடுவில் எங்கு உரசி அறுந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்னோட்டம் பாயும்.

ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி குறுக்குச்சுற்றின்போது ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது என்பதால், கார் ஆடியோவுக்கு விற்கப்படும் கண்ணாடி ஃபியூஸ்களைத் தவிர்த்துக் கிளாஸ்-டி (Class T) வகையை வாங்குவது தக்கது. வீட்டு மெயின் போர்டில் உள்ள ஏ.சி. எம்.சி.பி.யை பேனல் வயரில் மாட்டுவது மற்றொரு பரவலான பிழை: மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணைகிறது, நேர்மின்னோட்டத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. டி.சி. என்று குறிக்கப்பட்ட எம்.சி.பி.யை மட்டுமே அங்குப் பொருத்த வேண்டும்.

இணைக்கும் வரிசை பின்வருமாறு:

1. மோதிரம், கைச்சங்கிலி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்து, ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.
2. எல்லா ஃபியூஸ்களும் கழற்றப்பட்ட நிலையில், வயர் முனைகளில் மாட்டும் ஈயம் பூசிய செம்பு லக்குகளை உரிய அழுத்துகருவியால் கிரிம்பிங் செய்து, பசையுள்ள சுருங்குகுழாயால் மூட வேண்டும். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக் சில மாதங்களில் தளர்ந்து சூடேறும்.
3. எதிர்முனை வயர்கள் அனைத்தையும் ஷன்ட்டின் மறுபுறத்தில் சேர்த்து, ஷன்ட்டை மட்டும் பேட்டரியின் எதிர்முனையில் இணைக்க வேண்டும்.
4. அடுத்து நேர்முனை வயர்களை ஃபியூஸ் தாங்கிகளில் இணைத்து, மல்டிமீட்டரால் முனை மாறவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.
5. சார்ஜ் கன்ட்ரோலருக்குப் பேட்டரியை முதலில் இணைத்து, அது எழுந்து பேட்டரியின் வோல்ட்டை அறிந்துகொண்ட பின்னரே பேனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனலை முதலில், பேட்டரியைக் கடைசியில். இவ்வரிசை மாறிச் செத்துப்போன கன்ட்ரோலர்கள் பல.
6. இன்வெர்ட்டர் ஃபியூஸைக் கடைசியாகப் போட்டு, ஒரு விளக்கை மட்டும் எரித்துப் பார்த்து, பிறகே கணினிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.
7. எல்லாக் கருவிகளும் இயங்கத் தொடங்கி அரைமணி கழித்து ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் நெருங்கிப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு தெரிந்தால் அந்த லக் சரியில்லை.

ஆறாம் படி: மண்டபத்தின் இணைப்பும் அதன் ஆபத்துகளும்

தற்காலிகப் பந்தல்களிலும் பழைய மண்டபங்களிலும் மூன்று துளைப் பிளக்பாயின்ட் இருந்தாலும் அதன் எர்த் துளையின் பின்னே வயரே இல்லாதிருப்பது உண்டு. அத்தகைய இடத்தில் வேனைச் செருகினால், ஏதேனும் ஒரு சார்ஜரில் கசிவு நேரும்போது வேனின் இரும்பு உடல் முழுவதும் மின்சாரம் ஏறி, மழையில் நனைந்த தரையில் நின்றுகொண்டு கதவைத் தொடுபவரைத் தாக்கும். பிளக்பாயின்டைச் சோதிக்கும் சிறு சாக்கெட் டெஸ்டரை முதலில் செருகிப் பார்ப்பதும், வேனின் நுழைவிலேயே கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தி ஒவ்வொரு முறையும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் விலக்கில்லாத விதிகள். இன்வெர்ட்டர் தனித்து இயங்கும்போது அதன் நியூட்ரல் வேனின் உடலோடு இணைந்திராவிட்டால் இந்த ஆர்.சி.சி.பி. கசிவை உணராது, சில இன்வெர்ட்டர்களில் அவ்விணைப்பைச் செய்தால் இன்வெர்ட்டரே எரிந்துவிடும். ஆகவே இவ்வொரு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம், இன்வெர்ட்டரின் கையேட்டைக் காட்டி ஒப்படைக்க வேண்டும்.

இரு முனைகளிலும் பின் உள்ள வயரைச் செய்து, வேனின் இன்வெர்ட்டரிலிருந்து வீட்டின் பிளக்பாயின்டுக்கு மின்சாரம் கொடுப்பதை எக்காரணத்தாலும் செய்யலாகாது. கையில் இருக்கும் பின்னிலேயே மின்சாரம் ஏறியிருக்கும். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், புயலுக்குப் பின் கம்பத்தில் ஏறி வயரைச் சீர்செய்துகொண்டிருக்கும் மின்வாரியத் தொழிலாளியின் உயிர் போகும்.

நேரலைக்கு மட்டுமே உரிய ஒரு தொல்லையும் இங்குண்டு. நாதஸ்வரத்தையும் மந்திரத்தையும் தெளிவாகப் பெறுவதற்காக மண்டபத்தின் மைக்செட் மிக்ஸரிலிருந்து வேனுக்கு ஒலிவயர் இழுக்கும்போது, மிக்ஸர் ஓர் எர்த்திலும் வேன் மற்றோர் எர்த்திலும் இருப்பதால் 'உம்' என்ற தொடர் இரைச்சல் புகுந்துவிடும். இரைச்சலைப் போக்குவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தெறிவது சிலரது வழக்கம். அது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஒலிவயரின் நடுவில் ஒலி ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால் போதும். அன்று வேன் முழுவதும் தன் பேட்டரியில் மட்டுமே இயங்கினாலும் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏழாம் படி: வெயில், உப்பு, தூசு, வெள்ளம்

குளிர்நாட்டுக் கையேடுகள் லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கும். திருக்கடையூரில் அந்தக் கவலை இல்லை. இங்குள்ள பகை வெப்பம். சித்திரை, வைகாசியில் வெயிலில் மூடி நிறுத்திய வேனின் உட்புறம் வெளியைவிடப் பல பாகை கூடுதலாகச் சூடேறுகிறது. 45 பாகை செல்சியஸைத் தாண்டிய நிலையில் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரியின் ஆயுள் தேய்கிறது. பேட்டரியை எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் தொலைவாக, தரைமட்டத்தில், இருக்கையின் அடியில் காற்றோட்டத்தோடு வைத்து, பேனல்களைக் கூரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயர்த்திப் பொருத்தினால், அவற்றின் நிழல் கூரைக்கும், இடையில் ஓடும் காற்று பேனலுக்கும் துணையாகும். பேனலின் வெப்பம் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் விளைச்சல் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைவதால் இது வெறும் வசதிக்கான ஏற்பாடன்று.

தரங்கம்பாடிக் கடற்கரை அண்மையில் இருப்பதால் உப்புக்காற்று செம்பையும் இரும்பையும் விரைந்து அரிக்கும். ஈயம் பூசாத லக்கில் பச்சைக் களிம்பு படரத் தொடங்கினால் இணைப்பின் தடை கூடி, சூடும் கூடும்; வாசலின் போன்ற பெட்ரோலியக் களிம்பை முடுக்கிய முனைகளின் மேல் மெல்லப் பூசிவைத்தால் அரிப்பு தாமதமாகும். முடுக்குவதற்கு முன் இடையில் பூசுவது தவறு. தை, மாசியில் சம்பா அறுவடையின்போது நெல் அறுக்கும் எந்திரங்கள் கிளப்பும் பதரும் வைக்கோல் தூசும் லேப்டாப்பின் விசிறியையும் இன்வெர்ட்டரின் காற்றுத்துளையையும் அடைக்கும். பேனலில் மெல்லிய படலமாகப் படியும். அம்மாதங்களில் வாரம் ஒருமுறை, விடியலில் பேனல் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மழைக்காலத்தில் வேனை வயலோரத்துத் தாழ்வான இடத்தில் நிறுத்தாமல் சாலையின் மேட்டில் நிறுத்துவதும், இடி முழங்கும்போது மண்டபத்தின் மின்வயரையும் ஒலிவயரையும் கழற்றிவிட்டுப் பேட்டரியில் மட்டும் இயங்குவதும் முறை. ஒருவேளை தண்ணீர் பேட்டரிப் பெட்டிக்குள் புகுந்துவிட்டால், வடிந்த பிறகும் அதை மீண்டும் இயக்கிப் பார்க்கலாகாது.

எட்டாம் படி: தீ, வாயு, சட்டம்

கதவருகே கைக்கெட்டும் இடத்தில் ஏ.பி.சி. தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று இருக்க வேண்டும். சமையல் காஸ் சிலிண்டரையும் பேட்டரியையும் ஒரே அடைப்புக்குள் வைக்கலாகாது. சிறு ஜெனரேட்டரைக் கூடுதல் துணையாகக் கொள்வோர், மழைக்கு அஞ்சி அதை வேனுக்குள்ளோ சன்னலை ஒட்டியோ ஓட்டினால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே உறங்குவோரைக் கொல்லும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இருக்கைகளை எடுப்பதும் கூரையில் பொருத்துவதும் இதற்குள் வரக்கூடும் என்பதால், பட்டறையில் வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துவழி அனுமதி கேட்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் பிற்பாடு வரும் பெருஞ்செலவைத் தடுக்கும்.

ஒன்பதாம் படி: ஒத்திகை

முதல் நிகழ்ச்சிக்குப் பத்து நாளுக்கு முன்பாவது ஒரு முழு ஒத்திகை நடத்த வேண்டும்.

1. மாலையில் பேட்டரியை முழுதும் நிரப்பி, மண்டப வயரைக் கழற்றி, பேனலின் டி.சி. எம்.சி.பி.யையும் அணைத்துவிட வேண்டும்.
2. விடியற்காலை 4 மணிக்கு உண்மையான வேலையைப் போலவே எல்லாவற்றையும் இயக்கி, ஒரு பழைய நிகழ்ச்சியின் காட்சிகளைத் தொகுத்துக்கொண்டே நேரலையையும் ஓட்ட வேண்டும்.
3. ஒவ்வொரு மணிக்கும் ஷன்ட் மானிட்டர் காட்டும் எண்ணைத் தாளில் எழுத வேண்டும்.
4. நண்பகலில் 20 விழுக்காட்டுக்குமேல் மிஞ்சினால் கணக்குச் சரி; மிஞ்சாவிட்டால், அதிகம் இழுத்த கருவி எதுவென்று எழுதிய தாளே காட்டும். பெரும்பாலும் அது மானிட்டரின் உச்ச வெளிச்சமாகவோ, வேலையில்லாத நேரத்திலும் அணைக்கப்படாத இன்வெர்ட்டராகவோ இருக்கும்.
5. இறுதியாக, இன்வெர்ட்டரை வேண்டுமென்றே ஒருமுறை அணைத்து, லேப்டாப்புகள் தம் பேட்டரிக்குத் தடையின்றி மாறுகின்றனவா, ரவுட்டர் மீண்டும் எழ எத்தனை நொடி எடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ரவுட்டர் அணைந்தால் நேரலை அறுபடும் என்பதால், அதை மட்டும் இன்வெர்ட்டரை நம்பாமல் 12 வோல்ட் வழியிலேயே இயங்குமாறு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ஒத்திகையை ஆண்டுக்கு இருமுறை, சித்திரை வெயில் தொடங்கும் முன்பும் ஐப்பசி மழை தொடங்கும் முன்பும், எல்லா லக்குகளையும் ஸ்பானரால் ஒருமுறை முடுக்கிப் பார்த்த பின்னர்த் திரும்பச் செய்து, தாள்களை வேனிலேயே ஒரு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்; ஒரே வேலைக்கு ஓராண்டில் மிச்சம் 35 விழுக்காட்டிலிருந்து 20-க்கு இறங்கியிருந்தால், வேலையோ கருவியோ மாறாத நிலையில், பேட்டரியையும் இணைப்புகளையும் சோதிக்கக் காலம் வந்துவிட்டது என்பது அத்தாள்களிலிருந்தே தெரியும்.